கருவிக்கூடங்களை இணைக்க அரசு ஏன் பணம் தருகிறது?

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், சுருக்கமாக என்.ஐ.எச்., 2010ஆம் ஆண்டில் வழக்கத்துக்கு மாறான ஒரு நிதித் திட்டத்தை அறிவித்தது. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் ஒரே மாதிரியான வேலையைத் தனித்தனியே செய்துவந்த பல பொதுக் கருவிக்கூடங்களை ஒன்றாக இணைத்துக்கொள்வதற்கான பணம் அது. 26 நிறுவனங்கள் அந்த நிதியைப் பெற்றன.

இணைத்தால் செலவு குறையும் என்று யாருக்கும் தோன்றும். அப்படியானால், குறையப்போகும் செலவுக்கு அரசு எதற்காக மேலும் பணம் போட வேண்டும்? முதல் பார்வைக்கு இது அலுவலக நிர்வாகம் பற்றிய சின்னக் கேள்வி. ஆனால் இதற்கு விடை தேடிப் போனால், இன்றைய உயிர்மருத்துவ ஆய்வுக்குப் பணம் எந்த வழியில் வருகிறது, எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் தெரியவரும். அறிவியல் கற்கும் மாணவர்களுக்கு வகுப்பறையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

கருவிக்கூடத்தின் வேலை

இரத்தப் புற்றுநோயை ஆராயும் ஒரு பேராசிரியரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஆண்டில் சில வாரங்கள் ஃப்ளோ சைட்டோமீட்டர் தேவைப்படும். நோயாளியின் இரத்த மாதிரியில் உள்ள செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிட்டு, எது எந்த வகைச் செல் என்று கண்டறியும் கருவி அது. வேண்டிய செல்களை மட்டும் பிரித்துத் தனிக் குழாயில் சேர்த்துத் தரும் உயர்வகைக் கருவியின் விலை பல லட்சம் டாலர். வாங்கியதோடு செலவு முடிவதில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் போகும். லேசர்களைச் சரிபார்க்கவும், அடைப்பு நீக்கவும், எந்தச் சாயத்தோடு எந்தச் சாயத்தைச் சேர்க்கலாம் என்று புதிய மாணவருக்குச் சொல்லித் தரவும் தேர்ந்த ஒருவர் முழுநேரமும் இருக்க வேண்டும். சில வாரப் பயன்பாட்டுக்காக ஒரு பேராசிரியர் இவ்வளவையும் தாங்க முடியாது.

எனவே பல்கலைக்கழகங்கள் இத்தகைய கருவிகளைப் பொதுவில் வைத்து, அவற்றை அறிந்த பணியாளர்களை நியமித்து, எல்லா ஆய்வுக் குழுக்களுக்கும் மணிக்கணக்கிலோ மாதிரிக் கணக்கிலோ கட்டணம் வாங்கிச் சேவை தருகின்றன. வளாகங்களில் இவற்றைக் ‘கோர்’ என்பார்கள். டி.என்.ஏ. வரிசையை வாசிப்பதற்கு ஒரு கூடம், புரதங்களை நிறை அடிப்படையில் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஒன்று, உயர்வகை நுண்ணோக்கிகளுக்கு ஒன்று, சோதனை விலங்குகளுக்கு ஒன்று, புள்ளியியல் ஆலோசனைக்கு ஒன்று எனப் பெரிய மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றில் இவை பல இருக்கும்.

ஆய்வுக் கட்டுரையின் முகப்பில் இங்கே வேலை செய்பவர்களின் பெயர் பெரும்பாலும் வராது. வந்தால் கடைசிப் பக்கத்து நன்றியுரையில் வரும். ஆனால் இன்றைய உயிரியல் கண்டுபிடிப்புகளில் பெரும்பகுதி இவர்கள் கைபட்டே வெளிவருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு வெற்றி பெறுவதும் தோற்பதும் இவர்களைப் பொறுத்ததுதான்.

ஒரே வேலைக்குப் பல கூடங்கள் எப்படி வந்தன?

யாரோ கவனக்குறைவாக இருந்ததால் வந்த நிலை இது என்று நினைக்க வேண்டாம். நிதி தரும் முறையே இதை உருவாக்கியது.

1971ஆம் ஆண்டின் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் புற்றுநோய் மையங்கள் வலுப்பெற்றன. அவற்றை நிலைநிறுத்த என்.ஐ.எச். ‘பி30’ என்ற வகை நல்கையை, அதாவது நிதியுதவியைத் தருகிறது. அந்த நல்கையின் முக்கியப் பகுதியே மைய உறுப்பினர்களுக்கான பொதுக் கருவிக்கூடங்கள்தான். பின்னர் நீரிழிவு, சிறுநீரகம், கண், முதுமை என ஒவ்வொரு துறைக்கும் என்.ஐ.எச்.சுக்குள் இருக்கும் தனித்தனி நிறுவனங்கள் இதே போன்ற மைய நல்கைகளைத் தரத் தொடங்கின. விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மையமும், ‘எங்கள் உறுப்பினர்களுக்கு இன்னின்ன கூடங்கள் உள்ளன’ என்று காட்ட வேண்டியிருந்தது. விளைவு, ஒரே வளாகத்தில் புற்றுநோய் மையத்துக்கு ஒரு நுண்ணோக்கிக் கூடம், நீரிழிவு மையத்துக்கு இன்னொன்று, உடலியங்கியல் துறைக்குச் சொந்தமாக மூன்றாவது.

பணம் தாராளமாக இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. 1998 முதல் 2003 வரையிலான ஐந்தாண்டுகளில் என்.ஐ.எச்.சின் ஆண்டு நிதி சுமார் 1,360 கோடி டாலரிலிருந்து சுமார் 2,700 கோடி டாலராக இருமடங்கானது. புதிய கட்டடங்கள் எழுந்தன, புதிய கூடங்கள் திறந்தன. 2003க்குப் பிறகு பல ஆண்டுகள் நிதி கிட்டத்தட்ட அதே அளவில் நின்றது. விலைவாசி ஏறியதால் அதன் உண்மை மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. கூடங்கள் மட்டும் குறையவில்லை.

அதே காலத்தில் தொழில்நுட்பமும் பாய்ச்சலில் மாறியது. மனித மரபணுத் தொகுதி ஒன்றை வாசிக்க 2001இல் சுமார் 9.5 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். 2011 தொடக்கத்தில் அது ஏறக்குறைய 20,000 டாலருக்கு இறங்கிவிட்டது. பழைய முறையில் டி.என்.ஏ.வை வாசித்துவந்த கூடமும், மைக்ரோஅரே சில்லுகளைக் கொண்டு மரபணுச் செயல்பாட்டை அளந்துவந்த கூடமும் ஒரே நேரத்தில் வாடிக்கையாளர்களை இழக்கத் தொடங்கின. இரண்டின் வேலையையும் புதிய வகை வரிசையாக்கக் கருவி ஒன்றே செய்துவிடும். அந்தக் கருவியைத் தனியாக வாங்கும் வலு இரண்டுக்கும் இல்லை.

2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, 2009இல் வந்த ஊக்க நிதிச் சட்டத்தின் வழியாக என்.ஐ.எச்.சுக்கு மொத்தம் 1,040 கோடி டாலர் கிடைத்தது. அதில் 30 கோடி டாலர் பொதுக் கருவிகள் போன்ற சாதனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இத்தனை கருவிகள் வரும்போது அவற்றை யார், எங்கே வைத்து, எப்படிப் பகிர்ந்துகொள்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது. கருவிக்கூடங்களைத் திறம்பட நடத்துவது பற்றி 2009 ஜூலையில் என்.ஐ.எச். ஒரு பயிலரங்கை நடத்தியது. அடுத்த ஆண்டு இணைப்பு நல்கை வந்தது.

கட்டணக் கணக்கு

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கணக்கு எளிமையானது, ஆனால் அதன் விளைவு கடுமையானது.

பத்துப் பேர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் பஸ்ஸுக்கு டீசல் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். கருவிக்கூடமும் அப்படியே. பணியாளர் சம்பளம், பராமரிப்பு ஒப்பந்தம், மென்பொருள் உரிமம் எல்லாம் பயன்பாடு கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவுகள்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கூடத்துக்கு ஆண்டுச் செலவு 1.5 லட்சம் டாலர். பயன்பாடு 1,000 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 150 டாலர் வாங்கினால்தான் நட்டம் இல்லாமல் ஓடும். பயனர்களில் சிலர் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் இன்னொரு கூடத்துக்குப் போய், 200 மணி நேரம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு அப்படியே இருப்பதால் கட்டணம் 187 டாலரைத் தாண்டிவிடும். கட்டணம் ஏறியதைப் பார்த்து இன்னும் சிலர் விலகுவார்கள். கட்டணம் மறுபடி ஏறும். தரமான கூடங்கள்கூட இந்தச் சுழலில் சிக்கி மூடப்பட்டிருக்கின்றன.

இப்போது இதே அளவுள்ள இரண்டு கூடங்களை இணைப்போம். தனித்தனியே இருந்தபோது மொத்தச் செலவு 3 லட்சம் டாலர். இணைந்த பிறகு ஒரு பழைய கருவியின் பராமரிப்பு ஒப்பந்தம் தேவையில்லை, இரண்டு முன்பதிவு முறைகள் தேவையில்லை, கணக்கெழுத இரண்டு பேர் தேவையில்லை. செலவு 2.2 லட்சமாகக் குறைந்து, 2,000 மணி நேரமும் ஓரிடத்தில் சேர்ந்தால் கட்டணம் 110 டாலர். சின்ன ஆய்வுக் குழுவை நடத்தும் இளம் பேராசிரியருக்கு 150க்கும் 110க்கும் உள்ள வேறுபாடு, ஒரு சோதனையைத் திரும்பச் செய்து சரிபார்க்க முடியுமா முடியாதா என்ற வேறுபாடு.

இந்தக் கட்டணத்தைக் கூடங்கள் நினைத்தபடி வைக்க முடியாது. கூட்டாட்சி அரசின் பணம் புழங்கும் இடமாதலால் விதிகள் உண்டு. கட்டணம் செலவை ஈடுகட்ட மட்டுமே, லாபம் கூடாது. வளாகத்துக்குள் அரசு நல்கையில் ஆய்வு செய்பவரிடம் ஒரு விலை, மற்றவரிடம் குறைந்த விலை என்று வேறுபாடு காட்டக் கூடாது. குறைந்தது இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டணத்தைத் திருத்தி, முந்தைய உபரியையோ பற்றாக்குறையையோ அதில் சரிசெய்ய வேண்டும். அரசுப் பணத்தில் வாங்கிய கருவிக்குத் தேய்மானம் என்று சொல்லி அரசு நல்கையிடமே மறுபடி வசூலிக்கவும் கூடாது. ஒரே பொருளுக்கு மக்கள் வரிப்பணம் இருமுறை போகக் கூடாது என்ற நியாயமான விதி அது.

இணைப்புக்கே ஆகும் செலவு

தொடக்கத்தில் கேட்ட கேள்வியின் மையம் இங்கே இருக்கிறது. இணைந்த பிறகு கிடைக்கும் சேமிப்பு பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக, பல பேருக்குப் பிரிந்து கிடைக்கும். இணைப்பதற்கான செலவோ முன்கூட்டியே, மொத்தமாக, ஒருவர் தலையில் விழும்.

என்னென்ன செலவுகள்? லேசர் கருவிகளைப் பெயர்த்து இன்னொரு கட்டடத்துக்கு எடுத்துச் சென்றால் தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர் வந்து மறுபடி நிறுவி அளவீட்டைச் சரிபார்க்க வேண்டும். புதிய அறைக்கு மின்சாரம், குளிரூட்டல், சில கருவிகளுக்கு அதிர்வில்லாத தரை. பழைய இரண்டு கருவிகளை ஒதுக்கிவிட்டு இருவருக்கும் பொதுவாக ஒரு புதிய கருவி. முன்பதிவு, மாதிரிகளைத் தடம் பார்த்தல், பில் போடுதல், கொள்முதல் எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள். பணியாளர்களுக்கு மற்றக் கூடத்தின் கருவிகளில் பயிற்சி. வேலை மாறும் அந்தச் சில மாதங்களில் கருவிகள் நிற்பதால் வராமல் போகும் கட்டணம்.

இதை யார் தருவது? கூடம் லாபம் வைக்கக் கூடாது என்பதால் அதனிடம் சேமிப்பு இல்லை. ஒரு பேராசிரியரின் ஆய்வு நல்கை அவருடைய ஆய்வுக்கு மட்டும். புற்றுநோய் மையத்தின் பி30 நல்கை புற்றுநோய் மையத்துக்கு. நீரிழிவு மையத்துக் கூடத்தை இடம் மாற்ற அந்தப் பணத்தை எடுக்க முடியாது. பொதுக் கருவிகள் வாங்க ‘எஸ்10’ என்ற நல்கை 1982 முதல் இருக்கிறது, என்.ஐ.எச். நிதியில் ஆய்வு செய்யும் குறைந்தது மூன்று முக்கியப் பயனர்கள் சேர்ந்து கேட்டால் கருவி கிடைக்கும். ஆனால் அது கருவிக்கு மட்டும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக்கூட அதில் இடமில்லை. பணம் வரும் ஒவ்வொரு குழாயின் மேலும் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. ‘இணைப்பு’ என்ற பெயர் எதிலும் இல்லை.

அந்த இடைவெளியைத்தான் 2010இன் நல்கை நிரப்பியது. தனித்தனி நல்கைகளாகக் கொடுத்துக் கொடுத்துத் தானே உருவாக்கிவிட்ட சிதறலைச் சரிசெய்ய, நிதி தரும் அமைப்பே முன்வந்தது. பல்கலைக்கழகங்களைக் குறைசொல்லிக் கட்டளையிடாமல், மாறுவதற்கான செலவை ஏற்றுக்கொண்டது. இது நேர்மையான செயல் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பணம் துணை நல்கை வடிவில் வந்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு நல்கையின் மேல் கூடுதலாகச் சேர்க்கப்படும் தொகைக்குத் துணை நல்கை என்று பெயர். மூல நல்கையின் நோக்கத்துக்குள் அது அடங்க வேண்டும். முழுதாகப் புதிய விண்ணப்பம் எழுதிப் பல மாதங்கள் காத்திருக்கும் சுமை பொதுவாக இதில் குறைவு.

நடந்தது என்ன?

2015இல் என்.ஐ.எச். அதிகாரிகள் அந்த 26 நிறுவனங்களின் அனுபவத்தைத் தொகுத்து ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். இணைந்த கூடங்களில் சேவைகளும் கூடின, பயனர்களும் கூடினார்கள். மேம்பட்ட கருவிகள் வந்ததும், தேர்ந்த நிர்வாகம் கிடைத்ததும், தகவல் முறைகளும் பில்லும் கொள்முதலும் முன்பதிவும் ஒன்றானதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. செலவை ஈடுகட்டும் வசூலும் மேம்பட்டது, சில இடங்களில் பல மடங்கு. ‘சில’ என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா இடங்களிலும் வசூல் பல மடங்கானதாக அவர்கள் சொல்லவில்லை. இந்த வழி எல்லாக் கூடங்களுக்கும் பொருந்தாது என்பதையும் அதே மதிப்பீடு ஒப்புக்கொள்கிறது.

எங்கே பொருந்தாது என்று யோசிப்பது கடினமில்லை. உயிருள்ள செல்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் நேரமே எதிரி. அறுவை அரங்கிலிருந்து வரும் திசு, வளாகத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடலாம். தொற்று அபாயமுள்ள மாதிரிகளை அவற்றுக்கான பாதுகாப்பு அறையை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அங்கே இருக்கும் கருவி அங்கேயே இருந்தாக வேண்டும். இத்தகைய இடங்களில் கட்டடத்தை இணைக்காமல் நிர்வாகத்தை மட்டும் இணைக்கலாம். கருவிகள் இரண்டு இடங்களில் இருக்கும். தலைவர் ஒருவர், கட்டணப் பட்டியல் ஒன்று, முன்பதிவுப் பக்கம் ஒன்று. பில் போடும் மென்பொருளை ஒன்றாக்குவதில் என்ன பெருமை என்று கேட்கலாம். எந்தக் கருவி எத்தனை மணி நேரம் சும்மா கிடக்கிறது என்பது அப்போதுதான் முதல்முறையாக வெளிச்சத்துக்கு வரும்.

மானியம் பற்றிய சிக்கலும் உண்டு. புற்றுநோய் மையம் தன் உறுப்பினர்களுக்காகக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொள்வது வழக்கம். இணைந்த கூடத்தில் மற்றவர்களும் வரிசையில் நிற்பார்கள். அப்போது கட்டணப் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றாகவும், மையம் யாருக்காக எவ்வளவு தருகிறது என்பது கணக்கில் தனியாகவும் தெரிய வேண்டும். அதே போல எஸ்10 நல்கையில் வந்த கருவிக்கு அதற்கான ஆலோசனைக் குழுவும் பயன்பாட்டு விதிகளும் இணைப்புக்குப் பிறகும் தொடரும். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கருவிகளில் ஒன்றுக்குத் தேய்மானம் சேர்க்கலாம், மற்றதற்குக் கூடாது. முறையாகக் கணக்கு வைக்கத் தெரிந்தவர் இல்லாமல் இணைப்பில் இறங்குவது ஆபத்து.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் மனிதர்கள். இரண்டு கூடங்களுக்கு இரண்டு இயக்குநர்கள் இருந்தார்கள், இனி ஒருவர்தான். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்குப் பதவி போகிறது. அவர் வேறு வேலை தேடிப் போய்விட்டால், எந்தக் கருவி எப்போது தகராறு செய்யும், எந்த முடிவை நம்பக் கூடாது என்ற அறிவு அவரோடு போய்விடும். அதை எந்த நல்கையாலும் திரும்ப வாங்க முடியாது. செலவுக் குறைப்பு என்றால் ஆள் குறைப்பு என்று மட்டும் புரிந்துகொள்ளும் நிர்வாகத்திடம் இந்தப் பணம் போனால், கட்டணம் குறைந்து தரமும் சேர்ந்தே குறைந்துவிடும். நல்ல இணைப்பில் பதவி இழந்த அந்த இயக்குநர் பில் போடும் வேலையிலிருந்து விடுபட்டு, புதிய சோதனை முறைகளை உருவாக்கும் வேலைக்கு வருகிறார். அனுபவமுள்ளவர்களின் நேரம் விடுபடுவதைத்தான் இணைப்பின் உண்மையான ஆதாயமாக நான் பார்க்கிறேன்.

இப்படிப்பட்ட நல்கைக்கு விண்ணப்பம் எழுத நேர்ந்தால்

பணம் தருபவர் கேட்கும் முதல் கேள்வி, இணைப்புக்கு முன் நிலைமை என்ன என்பதுதான். ஒவ்வொரு கூடத்திலும் எத்தனை பயனர்கள், எத்தனை மணி நேரம், எவ்வளவு வசூல், எவ்வளவு பற்றாக்குறை? இந்த எண்கள் இல்லாமல், பிறகு முன்னேற்றம் வந்தது என்று எவராலும் நிறுவ முடியாது. வியப்பான உண்மை என்னவென்றால், தம் வளாகத்தில் எத்தனை கூடங்கள் இருக்கின்றன என்ற முழுப் பட்டியலே பல இடங்களில் இருப்பதில்லை. 2009இல் ஹார்வர்டு தலைமையில் 9 நிறுவனங்கள், ஆய்வு வளங்கள் எங்கெங்கே உள்ளன என்று தேடிப் பார்க்கும் ‘ஈகிள்-ஐ’ என்ற வலையமைப்பைக் கட்டத் தொடங்கியதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

இரண்டாவது கேள்வி, பல்கலைக்கழகம் தன் பங்குக்கு என்ன தருகிறது. இடம், புதுப்பிப்புச் செலவு, ஒரு பணியாளரின் சம்பளம் என ஏதாவது ஒன்று எழுத்தில் இருந்தால் நம்பிக்கை கூடும். மேலிடத்தின் உறுதி இல்லாத இணைப்பு, துறைத் தலைவர்களுக்கு இடையிலான இழுபறியிலேயே நின்றுபோகும்.

மூன்றாவது, பணம் முடிந்த பிறகு என்ன. இந்த நல்கை ஒருமுறை வருவது. அதையே நம்பிக் கூடத்தை நடத்த முடியாது. எஸ்10 திட்டத்தை நடத்திவந்த தேசிய ஆய்வு வளங்கள் மையமே 2011 டிசம்பரில் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் என்.ஐ.எச்.சின் வேறு வேறு பிரிவுகளுக்குப் பிரிந்து போயின. பணம் தரும் அலுவலகமே மாறிவிடக்கூடிய உலகில், நல்கை நின்ற அடுத்த ஆண்டிலிருந்து சம்பளமும் பராமரிப்பும் எந்தக் கட்டணத்திலிருந்து வரும், பற்றாக்குறை வந்தால் எந்த அலுவலகம் ஈடுகட்டும் என்பதை விண்ணப்பத்திலேயே ஆண்டுவாரியாக எழுதிக் காட்ட வேண்டும். தயாரிப்பு நிறுவனம் தரும் இலவசப் பராமரிப்புக் காலம் எந்த மாதம் முடிகிறது என்ற தேதியும் அந்த அட்டவணையில் இருக்கட்டும். புதிய கருவியின் முதல் பெரிய பில் அதற்கு மறுமாதமே வந்து சேரும்.